தோல் உதிரும் வாரம்

தார்த்து நகரில் ஆறு உறைந்த பிப்ரவரி.
எங்கள் அடித்தளத்தில் மட்டும் எப்போதும் இருபத்தாறு டிகிரி,
மயிரில்லாத உடம்புக்குக் குளிரும் என்பதால்.

நான் விர்வே. கூண்டு மாற்றுகிறவள்.
வாரத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கூண்டு.
கையுறைமேல் கையுறை.
காற்றுகூட வடிகட்டித்தான் உள்ளே வரும்.

செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொன்றாம் கூண்டில்
ஒருத்தியின் முதுகில் வெள்ளையாக ஏதோ,
சல்லடை தட்டும்போது சிந்திய மாவு மாதிரி.
விரலால் துடைத்தேன்.
விரலில் ஒட்டிக்கொண்டது. முதுகிலும் இருந்தது.
புதன்கிழமை பக்கத்துக் கூண்டு.
வெள்ளிக்குள் வரிசை முழுக்கத் தவிடு.

ஹெல்டுர் வந்து பஞ்சுக்குச்சியால் தேய்த்துப் போனார்.
இரண்டு நாள் கழித்து, இரத்தம் ஊற்றிய தட்டில்
குண்டூசித் தலை அளவில் சாம்பல் புள்ளிகள்.
கொரினேபாக்டீரியம் போவிஸ் என்றார்.
மாட்டின் மடியில் இருப்பதாம்.
"கெட்டதில்லை, விர்வே. உனக்கும் எனக்கும் ஒன்றும் செய்யாது.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போல
உட்காரும், எழுந்து போகும்."

இவை?
காவலாட்களைப் பழக்குகிற சுரப்பி
மார்புக்குள் இல்லாமலே பிறந்தவை.
அப்படியே இருக்கட்டும் என்று நாம் பெருக்கியவை.
கதவே இல்லாத வீட்டில்
எதைத் தட்டிவிட்டு உள்ளே வருவது?

யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள்.
ஏழு பேர் மூக்கிலும் பஞ்சு விட்டார்கள்.
மாணவி மார்யு முடிவு வருமுன்பே அழுதாள்.
மூன்று பேரிடம் இருந்தது. ஒன்று நான்.
"இவர்களிடமிருந்து எலிகளுக்கு வந்திருக்கலாம்,
எலிகளிடமிருந்து இவர்களுக்கும் வந்திருக்கலாம்"
என்று முடிந்தது அறிக்கை.
அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
இரண்டு நாள் திரிந்தேன்.

பத்தாம் நாள் தோல் தெளிந்தது!
இளஞ்சிவப்பு முதுகுகள்.
காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கூடு கட்டின.
மாடிப்படி ஏறி ஓடினேன்.
ஹெல்டுர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"குணமாகவில்லை. பழகிக்கொண்டன.
சாகும்வரை உதிர்த்துக்கொண்டே இருக்கும்."
அறையைக் காலி செய்ய வேண்டும் என்று
அன்றைக்கே தாள் வந்தது.

நாற்பத்தொன்றின் இடது விலாவில் ஒரு பட்டாணி.
அட்டையில் நோயாளி எண் மட்டும் எழுதியிருக்கும்.
மார்யு சொல்லியிருக்கக் கூடாது, சொன்னாள்:
சாரேமா தீவுக்குப் போகிற படகில்
பயணச்சீட்டுப் பார்த்த பெண்ணாம்.
அக்டோபரிலேயே போய்விட்டாளாம்.
நான் வியாழன்தோறும் அளந்து எழுதியிருக்கிறேன்.
ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி ஒன்பது.
ஏழரை.

உறையவைத்து எடுத்து வைக்கலாமா என்றாள் மார்யு.
அதற்குள்ளும் அது இருக்கும் என்றார் ஹெல்டுர்.

வாயுவை மெதுவாகத்தான் திறக்க வேண்டும்.
மெதுவாகத்தான் திறந்தேன்.
அவை முதலில் மூக்கைத் தூக்கின,
புதுத் தவிட்டுப் படுக்கை வந்ததும் தூக்குமே, அதேபோல.

பிறகு நீராவி. பிறகு குளோரின்.
சுவர், விளக்கு, கதவுக் கைப்பிடியின் அடிப்பக்கம்.
அட்டையில் அந்த வியாழனுக்கு எதிரே
என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.
இரண்டாம் எண் பேருந்தில்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு கிழவர்,
கறுப்புக் கோட்டின் தோளெல்லாம் பொடுகு.
கைக்குட்டைக்குள் உரக்கத் தும்மினார்.
மன்னியுங்கள் என்றார்.
பரவாயில்லை என்றேன்.
எங்கள் இருவருக்கும்
ஒன்றும் ஆகவில்லை.